வளையத்துக்கு மேல் ஐ.பி.: தனித் தரம் தேவைதானா?

வாசகர் கருத்து, கிண்ணியாவிலிருந்து. 11.01.2025

வளைய வலையமைப்புக்கெண்டு (கருவிகளை வட்டமாக் கொழுவினது) ஐ.பி.க்கு, அதான் இணையம் ஓடுற நெறிமுறைக்கு, தனித் தரம் (ஸ்டாண்டட்) எழுதினதெல்லாம் வீண் வேலை. பழைய வளைய வகையள், டோக்கன் ரிங் எங்க போச்சு? எஃப்.டி.டி.ஐ. எங்க போச்சு? ஆர்.பி.ஆர். (ரெசிலியன்ட் பக்கெட் ரிங்) எங்க போச்சு? நாலு சுவிச்சை வட்டமாக் கொழுவி, அறுந்தா வழி மாத்துற ஈதர்நெட் வளையத் தரம் ஜி.8032 ஐப் போட்டா அலுவல் முடிஞ்சுது. வளையம் எண்டு ஒண்டு இருக்கிறதே ஐ.பி.க்குத் தெரியத் தேவையில்லை. இல்லையெண்டு ஆராவது சொல்லுங்க பாப்பம்.

11.01.2025, இரவு

கிண்ணியாத் தம்பி சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியில் தம்பி இரண்டு விஷயத்தை ஒரே கயிற்றில் கட்டுகிறார். பக்கெட்டை (தரவுப் பொதியை) வளையத்தில் ஏற்றி இறக்குவது ஒன்று. வளையம் அறுந்தவுடன் அந்தப் பக்கெட் எந்தப் பக்கத்தால் போவது என்பது வேறொன்று. முதலாவதுக்குத் தரம் எழுதுவது லேசு, எப்பவோ எழுதி முடித்தாயிற்று. இரண்டாவதுக்கு இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

விரிவாக நாளைக்கு. கரன்ட் போய்ப் போய் வருகிறது.

12.01.2025

முதலாவதை எடுப்பம். ஒரு ஊடகத்தின் மேல் ஐ.பி.யைக் கொண்டுபோக என்னத்தை எழுதிவைக்க வேண்டும்? பக்கெட்டை எந்த உறைக்குள் இடுவது, ஆகப் பெரிய பக்கெட் எவ்வளவு, ஐ.பி. முகவரியைக் கணினியின் நெட்வேர்க் காட்டின் (வலையமைப்பு அட்டையின்) முகவரியோடு பொருத்துகிற ஏ.ஆர்.பி. எப்படி நடக்கும், ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புகிற மல்டிகாஸ்டுக்கு என்ன வழி. அவ்வளவுதான். டோக்கன் ரிங்கின் கதையை 1988 பெப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. (இணையத் தர ஆவணம்) 1042, ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியியலாளர் சங்கத்தின் மற்ற 802 வகை வலையமைப்புகளோடு சேர்த்து ஒரே மூச்சில் முடித்தது. எஃப்.டி.டி.ஐ.க்கு 1993 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 1390. சில பக்கங்கள்தான். அதில் வளையம் எப்படிச் சுற்றுகிறது, அனுப்பும் உரிமையைத் தரும் டோக்கன் எங்கே நிற்கிறது என்பதற்கெல்லாம் ஐ.பி. கவலைப்படவே இல்லை. ஆகப் பெரிய ஐ.பி. பக்கெட் 4352 பைட் என்றது, முகவரியின் பிட் ஒழுங்கைச் சொன்னது, நடையைக் கட்டியது.

அந்த ஆவணத்தில் எனக்குப் பிடித்த இடம் ஏ.ஆர்.பி.யின் வன்பொருள் வகை எண். 802 வலையமைப்புகளுக்கென்று 6 ஒதுக்கி இருந்தது. எஃப்.டி.டி.ஐ. அதைத் தள்ளிவிட்டு ஈதர்நெட்டின் 1 ஐயே அனுப்பச் சொன்னது. காரணம் பிரிட்ஜ். ஒரு பக்கம் ஈதர்நெட், மறுபக்கம் எஃப்.டி.டி.ஐ., நடுவில் பிரிட்ஜ் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைப் பேசினால்தான் சண்டை வராது. அதாவது வளையம் தன்னை ஈதர்நெட் என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தது. இதில் தம்பியின் கட்சிதான் நானும்.

12.01.2025, பின்னேரம்

பிட் ஒழுங்கு என்று எழுதியதை இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

ஈதர்நெட் ஒவ்வொரு பைட்டிலும் சின்ன முனைப் பிட்டை (பெறுமதி குறைந்ததை) முதலில் அனுப்பும். டோக்கன் ரிங்கும் எஃப்.டி.டி.ஐ.யும் பெரிய முனையை முதலில் அனுப்பும். இதனால் ஒரே காட்டின் முகவரியை இரண்டு கருவிகள் இரண்டு விதமாகக் காட்டும். ஐ.பி.எம். காட்டுகளில் ஒன்று 08-00-5ஏ என்று தொடங்கும், மற்றது அதையே 10-00-5ஏ என்று காட்டும். 08 இன் பிட்டுகளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், 10 வரும். 5ஏ திருப்பினாலும் 5ஏ தான், அதனால்தான் ஆட்கள் கூடக் குழம்பினார்கள்.

நான் தொழில் பழகினது கொழும்பில், 16 மெகாபிட் டோக்கன் ரிங் ஓடின ஒரு கந்தோரில். அங்கே ஒரு பிரிட்ஜ் ஈதர்நெட் பக்கத்துக்கு முகவரியைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் ஏ.ஆர்.பி. செய்தியின் வயிற்றுக்குள் எழுதியிருக்கிற முகவரியைத் திருப்பாது. பக்கெட் போகும், மறுமொழி வராது. எஃப்.டி.டி.ஐ.க்கான ஆர்.எஃப்.சி. இந்த வயிற்றுக்குள் இருக்கிற முகவரியை ஈதர்நெட் ஒழுங்கிலேயே எழுதச் சொன்னதன் அருமை அப்போதுதான் தெரிந்தது. டோக்கன் ரிங்கில் நடைமுறை மற்ற மாதிரிப் போய்விட்டது.

இதெல்லாம் பழங்கதை. ஆனால் ஏற்றி இறக்கும் தரத்துக்குள்ளேயே எவ்வளவு சின்ன விஷயத்தில் கால் இடறும் என்று தெரியட்டும்.

14.01.2025

பொங்கல். இன்றைக்கு ஒன்றும் எழுத மாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் ஆர்.பி.ஆர். பற்றித் தம்பி எழுதினதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அது வீண் வேலை இல்லை. தொடங்கினது சிஸ்கோவின் எஸ்.ஆர்.பி. என்ற வளைய முறை, அது 2000 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 2892 ஆக வெளியானது. ஐ.ஈ.ஈ.ஈ. 802.17 குழு அதைப் பொதுத் தரமாக்க உட்கார்ந்தது. நிறுவனங்கள் இரண்டு கட்சியாகி, ஒன்று காண்டால்ஃப் என்றும் மற்றது அலாதீன் என்றும் முன்மொழிவுக்குப் பெயர் வைத்து, 2002 இல் சமரசம் செய்து டார்வின் ஆக்கினார்கள். 2004 இல் தரம் வந்தது. ஆர்.எஃப்.சி.களை எழுதும் ஐ.ஈ.டி.எஃப். பக்கத்திலும் ஐ.பி.யை இதன் மேல் ஏற்றுவதற்கென்றே ஒரு பணிக்குழு இருந்தது. 802.17 காரருக்கு ஐ.பி. தரப்பின் தேவை என்ன என்று சொல்வதும் அதன் வேலை.

என்ன செய்தது? எதிரெதிராய்ச் சுற்றும் இரண்டு வளையம், இரண்டிலும் சரக்கு ஓடும். தொலைபேசி நிறுவனங்களின் பழைய எஸ்.டி.எச். வளையம் போல் பாதிக் கொள்ளளவை ஆபத்துக்கென்று பூட்டிவைக்காது. பக்கெட் சேரவேண்டிய இடத்திலேயே வளையத்தை விட்டு இறங்கும். ஆக, திருமலை நகரிலிருந்து சீனக்குடாவுக்கு ஒரு ஓட்டமும் கிண்ணியாவிலிருந்து மூதூருக்கு இன்னொரு ஓட்டமும் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று தொடாமல் போகலாம். தலைப்பில் டி.டி.எல். (ஒவ்வொரு தாண்டலுக்கும் குறையும் ஆயுட் கணக்கு) உண்டு, அதனால் வழிதவறின பக்கெட் சுற்றிச் சுற்றிச் செத்துப்போகும். சரக்கின் முன்னுரிமைக்கு ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. மேற்பக்கத்து நிலையம் எல்லாத்தையும் விழுங்கிக் கீழ்ப்பக்கத்தவனைப் பட்டினி போடாமல் பங்கு போடுகிற முறையும் உண்டு. அறுந்தால் 50 மில்லிசெக்கனுக்குள் வேறு வழி. 255 நிலையம் வரை.

இதில் எதையாவது ஜி.8032 தருமா? வேகமாக வழி மாறுவதைத் தவிர ஒன்றையும் தராது.

பிறகு ஏன் செத்தது என்றால், அதற்கென்று தனிச் சிப் வேண்டும். சந்தையில் ஈதர்நெட் சிப் மாதத்துக்கு மாதம் விலை இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல சாமான், பிழையான விலை. இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வரலாம்.

14.01.2025, அரை மணி கழித்து

"மதியம் பொங்கலுக்கு வந்த சொந்தக்காரரை விட்டுட்டு காண்டால்ஃப் பற்றி எழுதுறீங்களோ அண்ணை" என்று கேட்டவருக்கு: சொந்தக்காரர்தான் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

17.01.2025

சரி, நம்மட ஊருக்கு வருவம். சில வருஷத்துக்கு முன் நான் வேலை செய்த நிறுவனத்துக்குக் கிளைகள் திருமலை நகரம், சீனக்குடா, கிண்ணியா, மூதூர் என்று நாலு இடத்தில். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கொட்டியாரக் குடாவைச் சுற்றி ஒரு வளைவு. நகரத்திலிருந்து சீனக்குடாவுக்கு, பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்கு, உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்கள் கடந்து மூதூருக்கு. இவ்வளவும் பைபர். மூதூருக்கும் நகரத்துக்கும் நடுவில் கடல். வளையத்தை மூட வேண்டுமென்றால் தரையால் வெகு தூரம் சுற்றி வர வேண்டும். அதற்கு எங்கட முதலாளியிடம் காசில்லை. ஆகவே உவர்மலையில் ஒரு டிஷ், மூதூரில் ஒரு டிஷ், குடாவுக்கு மேலால் மைக்ரோவேவ்.

ஆக மூன்று தடித்த கை, ஒரு மெல்லிய கை உள்ள வளையம். பாடப்புத்தகத்து வட்டம் எல்லாம் சம பலமுள்ள கைகளோடு இருக்கும். நிஜத்தில் நான் பார்த்த ஒரு வளையமும் அப்படி இல்லை.

ஜி.8032 இல் இதற்கு நல்ல விடை இருக்கிறது. வளையத்தில் ஒரு இணைப்பை ஆர்.பி.எல். என்று குறித்து, சாதாரண காலத்தில் அதைப் பூட்டிவைக்க வேண்டும். ஈதர்நெட் உறையில் டி.டி.எல். கிடையாதல்லவா, வட்டம் முழுசாக மூடினால் எல்லாருக்கும் என்று அனுப்பின ஒரு பிரோட்காஸ்ட் காலமெல்லாம் சுற்றும். ஆகவே எங்காவது ஒரு இடைவெளி எப்போதும் வேண்டும். அந்த இடைவெளியைக் கடலுக்கு மேல் வைத்தோம். ரேடியோ சும்மா இருக்கும். பைபர் அறுந்தால் மட்டும் திறக்கும். அந்த ரேடியோவே விழுந்தாலும் கவலை இல்லை, பூட்டின கதவு உடைந்தால் போக்குவரத்துக்கு ஒன்றும் ஆகாது. ரேடியோ விழுந்ததென்று சுவிச் அனுப்பும் செய்தியிலேயே முகவரி அட்டவணையை அழிக்காதே என்று ஒரு பிட் போட்டு அனுப்பும், மற்றச் சுவிச்சுகள் பதறாது.

17.01.2025, இரவு

நிலாவெளியில் இருந்து எழுதுகிறவர், மழைக்கு ரேடியோ விழாதா என்கிறார். நாங்கள் பாவித்த அலைவரிசையில் மாரி மழை பெரிய எதிரி இல்லை. எதிரி கச்சான் காற்று. தரையிலிருந்து வரும் சூடான வறண்ட காற்று, குடாவின் ஈரமான குளிர்ந்த காற்றுக்கு மேல் படியும்போது அலை வளையத் தொடங்கும். வானம் துப்புரவாக இருக்கும், கோணேசர் மலை தெளிவாகத் தெரியும், லிங்க் மட்டும் தள்ளாடும். அதோடு கடல் மட்டத்தில் பட்டுத் தெறிக்கிற அலை நேராக வருகிறதோடு சண்டை பிடிக்கும். நம்மட பக்கம் வற்றுப் பெருக்கு ஒரு மீற்றருக்குள்தான், அதுவும் போதும் அந்தச் சண்டையின் போக்கை மாற்ற. மேலும் கீழுமாக இரண்டு டிஷ் வைத்தால் சமாளிக்கலாம், காசு இருந்தால்.

இதில் வளையத் தரத்துக்குத் தெரியாத ஒரு வில்லங்கம் இருக்கிறது. நவீன ரேடியோ விழுவதில்லை, மெலிகிறது. 300 மெகாபிட் ஓடினது சிக்னல் குறையக் குறையத் தானாக இறங்கி 50 இல் நிற்கும். போர்ட் பச்சையாகவே இருக்கும். ஜி.8032 பார்ப்பது அறுந்ததா இல்லையா என்பதை மட்டும். மெலிந்ததைச் சொல்லும் செய்தி ஒன்று, ஈதர்நெட்டைக் கண்காணிக்கும் தரமான ஜி.8013 இல் பின்னர் சேர்ந்தது. ஆனால் அதைக் கேட்டு நடக்கிற பெட்டி வேண்டுமே.

20.01.2025

இன்றைக்குத் தம்பியின் "ஐ.பி.க்குத் தெரியத் தேவையில்லை" என்பதைப் பிடிக்கிறேன்.

ஜி.8032 ஆனாலும் ஆர்.பி.ஆர். ஆனாலும் மேலே நிற்கும் ஓ.எஸ்.பி.எஃப். க்கு (இணைப்புகளுக்கு நாங்கள் கொடுக்கும் செலவு எண்ணைக் கூட்டி, ஆகக் குறைந்த பாதையைத் தேரும் ரவுட்டர் முறை) தெரிவது ஒரே ஒரு லான் (உள்ளக வலையமைப்பு). நாலு ரவுட்டரும் ஒரே அறையில் ஒரே சுவிச்சில் கொழுவியிருக்கிறது என்று அது நினைக்கும். நகரத்திலிருந்து மூதூர் சாதாரண நாளில் சீனக்குடா, கிண்ணியா கடந்து போகிறது என்று அதற்குத் தெரியாது. சீனக்குடாத் துண்டு நிரம்பி வழிகிறது என்றும் தெரியாது. பைபர் அறுந்து முழுச் சரக்கும் 50 மெகாபிட் ரேடியோவுக்குள் பாய்ந்தாலும் ஐ.பி.யின் கண்ணில் ஒன்றும் நடக்கவில்லை. பாதை அதே, செலவு அதே. ஆனால் கிளையில் இருக்கிற பிள்ளை "சிஸ்டம் இழுக்குது சேர்" என்று போன் எடுக்கும்.

மறைத்தது வசதிதான். ஆனால் நெரிசலும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. ஐ.பி. வேறு வழி வைத்திருந்தாலும் எடுக்காது, எடுக்கக் காரணம் தெரியாது.

அடுத்தது, இரண்டு மாடியும் ஒரே நேரத்தில் காயத்துக்கு மருந்து போடுகிற பிரச்சினை. கீழே வளையம் 50 மில்லிசெக்கனில் ஆறும். (அந்தக் கணக்கும் 16 க்குக் குறைந்த முனைகள், 1200 கிலோமீற்றருக்குக் குறைந்த சுற்றளவு என்ற நிபந்தனையோடுதான்.) மேலே ஓ.எஸ்.பி.எஃப். வழக்கமான அளவில் 10 செக்கனுக்கு ஒரு ஹலோ (உயிரோடு இருக்கிறேன் என்ற செய்தி), 40 செக்கனில் செத்ததாகக் கணக்கு. அப்படியே விட்டால் மோதல் இல்லை, மேல்மாடி நித்திரை. ஆனால் இப்ப எல்லாரும், அறுந்ததை வேகமாகக் கண்டுபிடிக்கும் பி.எஃப்.டி. போடுகிறார்கள். 10 மில்லிசெக்கன், மூன்று தவறினால் அறுந்தது என்று போட்டால் 30 இலேயே மேல்மாடி ஒப்பாரி வைக்கத் தொடங்கும். கீழே வளையம் ஆறுகிற நேரத்தில் மேலே பாதை எல்லாம் கலைந்து, பிறகு திரும்ப அடுக்கி, மொத்தத்தில் பி.எஃப்.டி. இல்லாமல் இருந்ததை விடக் கூடுதல் நேரம் போகும். 100 மில்லிசெக்கன், மூன்று தவறல் என்று வைத்தால் கீழ்மாடிக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். வேகமாகப் போடுவது எப்போதும் நல்லதில்லை.

21.01.2025

கிண்ணியாத் தம்பி திரும்ப வந்திருக்கிறார்: "அப்ப சுவிச்சைக் கழட்டிட்டு ஒவ்வொரு இணைப்பையும் ரவுட்டரிலேயே முடிச்சா? ஐ.பி.க்கே வளையம் தெரியுமே."

நல்ல கேள்வி. நாங்கள் அதையும்தான் செய்தோம். அங்கேதான் வளையம் எவ்வளவு பொல்லாத உருவம் என்று பார்த்தேன். பேனை எடுங்கள்.

நகரம், சீனக்குடா, கிண்ணியா, மூதூர், திரும்ப நகரம். மூன்று பைபருக்கும் செலவு 1. ரேடியோவுக்குச் செலவு 10, சாதாரண நாளில் ஒருவரும் அதால் போகக்கூடாது என்பதற்காக. இப்ப நகரம்–சீனக்குடா பைபர் அறுகிறது. ஓ.எஸ்.பி.எஃப். எல்லாருக்கும் சொல்லி முடிக்கும் வரை காத்திராமல் உடனே பக்கத்து வீட்டால் அனுப்புவதுதான் எல்.எஃப்.ஏ., 2008 இன் ஆர்.எஃப்.சி. 5286. நிபந்தனை ஒன்றே: அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பக்கெட்டைத் திரும்ப என்னிடமே அனுப்பக் கூடாது.

நகரத்தின் பக்கம் இருந்து பார்த்தால் பிரச்சினை இல்லை. சீனக்குடாவுக்குப் போக மூதூரிடம் கொடுக்கலாம். மூதூருக்குக் கிண்ணியா வழி செலவு 2, நகரத்தால் வந்தால் 11. அது திருப்பாது.

சீனக்குடாவின் பக்கம் இருந்து பாருங்கள். அதன் கையில் மிச்சம் இருப்பது கிண்ணியா மட்டும். நகரத்துக்கான பக்கெட்டைக் கிண்ணியாவிடம் கொடுத்தால், செய்தி இன்னும் போய்ச்சேராத கிண்ணியா "நகரமோ? சீனக்குடாவால் 2, மூதூரால் 11" என்று கணக்குப் பார்த்துத் திரும்பச் சீனக்குடாவிடமே தரும். கந்தோரில் முதலாம் கவுன்டர் மூன்றாம் கவுன்டருக்கு அனுப்ப, மூன்றாம் கவுன்டர் முதலாவதுக்கே அனுப்புவது போல. பக்கெட் டி.டி.எல். முடியும் மட்டும் பாலத்துக்கு மேலால் போய்ப் போய் வரும்.

வளையத்தில் இது விதிவிலக்கில்லை, வழமை. அதற்காகவே 2015 இல் ரிமோட் எல்.எஃப்.ஏ., ஆர்.எஃப்.சி. 7490. வளைய உருவங்களை மனதில் வைத்தே எழுதினார்கள். பக்கத்து வீட்டைத் தாண்டி, திருப்பி அனுப்பாத தூரத்து வீடு ஒன்றுக்கு டனல் போடு (பக்கெட்டை இன்னொரு உறைக்குள் இட்டு அனுப்பு) என்பது அதன் சாரம். தம்பி, வளையத்துக்கென்று ஐ.பி. தரப்பில் எழுதின தரம் தேவையில்லை என்றீர்களே, இதோ தேவையான ஒன்று. பெயரில் வளையம் இல்லை, அவ்வளவுதான்.

இனிக் கூத்து. எங்கட வளையத்தில் அதுவும் வேலை செய்யவில்லை. தூரத்து வீடென்றால் மூதூர்தான். ஆனால் மூதூர் நகரத்துக்குப் போகும் வழி என்ன? ரேடியோ 10, பைபரால் சுற்றினால் 3. அதுவும் பைபரைத்தான் எடுக்கும், அதாவது அறுந்த இணைப்பை நோக்கியே திருப்பும். நம்பி டனல் போட ஒரு வீடு இல்லை.

21.01.2025, நள்ளிரவு

விட்ட இடத்திலிருந்து. இரண்டு வழி இருந்தது.

ஒன்று, ரேடியோவின் செலவை 10 இலிருந்து 2 ஆக்குவது. அப்ப மூதூர் நகரத்துக்கு நேரே கடலால் போகும், பைபரால் 3 தானே. சீனக்குடாவிலிருந்து மூதூருக்கு டனல், அங்கிருந்து கடல் கடந்து நகரம். சரியாக வரும். 3 வைத்தால் சரிவராது, இரண்டு பாதையும் சமமாகிப் பாதிப் பக்கெட் பழையபடி திரும்பும். 2 அல்லது 1 தான். ஆனால் விலை என்னவென்றால், சாதாரண நாளிலும் மூதூர்க் கிளையின் முழுச் சரக்கும் அந்தத் தள்ளாடும் ரேடியோவால் போகும். கச்சான் நாளில் மூதூர்க்காரர் என்னைச் சபிப்பார்கள்.

மற்றது செக்மன்ட் ரவுட்டிங்கோடு வரும் டி.ஐ.எல்.எஃப்.ஏ. பக்கெட்டின் தலையிலேயே "மூதூருக்குப் போ, அங்கே ஒருவரையும் கேளாமல் ரேடியோ இணைப்பால் இறங்கு" என்று எழுதிவிடலாம். மூதூரின் சொந்தக் கணக்கு என்ன சொன்னாலும் பரவாயில்லை. செலவு 10 ஆகவே இருக்கலாம். வளையம் எந்த அளவானாலும், செலவு எப்படி இருந்தாலும் வழி உண்டு. எங்களிடம் இருந்த ரவுட்டருக்கு அது தெரியாது. முதலாளி புதிது வாங்க விடவில்லை. நாங்கள் 2 ஐ வைத்தோம்.

இப்ப யோசிக்க அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. நாலு கிளைக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டால், ஓ.எஸ்.பி.எஃப். இன் ஹலோவைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, இரண்டு மூன்று செக்கன் அறுப்பைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். பில் போடுகிற பிள்ளை மூன்று செக்கனைக் கவனிக்காது. ஆனால் தொலைபேசி அதே வளையத்தில் ஓடியது, கதை நடுவில் அறுந்தால் கவனிக்கும்.

24.01.2025

யாரோ "எம்.பி.எல்.எஸ். வளையத்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை" என்று முறைப்பட்டிருக்கிறார் (பக்கெட்டில் லேபல் ஒட்டி வழி காட்டுவது எம்.பி.எல்.எஸ்.). ஆர்.எஃப்.சி. 6974 (2013) வளையத்துக்குச் சாதாரண நேர்கோட்டுப் பாதுகாப்பே போதும் என்று காட்டும். ஆர்.எஃப்.சி. 8227 (2017) வளையத்துக்கென்றே ஒரு பாதுகாப்பு முறை தரும். ஒரே வீட்டில் இருந்து "தனித் தரம் வேண்டாம்", "தனித் தரம் வேண்டும்" என்று இரண்டு ஆவணம். தம்பி, இந்த வழக்கு உங்களோடு தொடங்கினதில்லை.

26.01.2025

இரண்டு பிராண்ட் சுவிச் பற்றி. பெயர் சொல்ல மாட்டேன், கேட்க வேண்டாம்.

இரண்டு பெட்டியிலும் ஜி.8032 என்று அச்சடித்திருந்தது. தனித்தனியே நல்லாக ஓடியது. ஒரே வளையத்தில் போட்டால் ஒன்று கத்துவது மற்றதுக்குக் கேட்காது. விஷயம் இதுதான்: 2008 இன் முதல் பதிப்பில் வளையச் செய்திகள் போகும் முகவரி 01-19-ஏ7-00-00-01, கடைசி 01 மாறாது. 2010 இன் இரண்டாம் பதிப்பில் அந்தக் கடைசி இடத்தில் வளைய எண்ணைப் போடலாம், 1 இலிருந்து 239 வரை. ஒரு பிராண்ட் எங்கட வளையத்துக்கு 7 என்று போட்டு 07 க்குக் கத்தியது, மற்றது 01 இல் காது வைத்துக் காத்திருந்தது. வளைய எண்ணை 1 ஆக்கினவுடன் இரண்டும் சமாதானம்.

இதற்கு ஒரு மூத்த எஞ்சினியர் இரண்டு நாள் பக்கெட் பிடித்துப் பார்த்தார். தரம் இருக்கிறது என்றால் எல்லாரும் ஒரே பக்கத்தைத்தான் வாசித்தார்கள் என்று இல்லை.

26.01.2025, பிறகு

உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறவர், தங்களுடைய வளையம் முழுக்க ஒருநாள் செத்தது, ஆனால் ஒரு பைபரும் அறவில்லை என்கிறார். எல்லா விளக்கும் ஒன்றாக மின்னியதா? அப்படியென்றால் வளையத்துக்கு வெளியே யாரோ இரண்டு சுவிச்சை இன்னொரு வயரால் கொழுவியிருக்கிறார்கள். ஜி.8032 தன்னுடைய இரண்டு போர்ட்டைத்தான் காவல் காக்கும். மற்றப் போர்ட்டுகளில், சுற்றைக் கண்டு பூட்டுகிற எஸ்.டி.பி.யை நிற்பாட்டி வைத்திருந்தால் காவல் இல்லை. சுவரில் இருக்கிற சொக்கெட் இரண்டையும் ஒரு வயரால் இணைக்கிற கை எல்லா ஹோட்டலிலும் ஒன்று இருக்கும்.

02.02.2025

வளையம் என்று இவ்வளவு கதைத்தோம், எங்கட ஒரு வளையம் வளையமே இல்லை என்று தெரிந்த நாளைப் பற்றியும் எழுதவேண்டும்.

ரேடியோ போதாமல் போனபின் கிண்ணியாப் பக்கத்துக்கு இரண்டாவது பைபர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். வேறு நிறுவனம், வேறு பில், வரைபடத்தில் வேறு நிறக் கோடு. ஒருநாள் பெக்கோ ஒன்று தெருவோரத்தைக் கிண்டியது, இரண்டு கோடும் ஒரே நேரத்தில் போனது. போய்ப் பார்த்தால் இரண்டு கேபிளும் ஒரே குழிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வேறு எப்படி இருக்கும்? 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்த வழியில் மனிசரும் வாகனமும் பாதையில் (மிதவைப் படகில்) ஏறித்தான் கடந்தார்கள். இப்பவும் அந்த வாயைக் கடக்க 396 மீற்றர் பாலம் ஒன்றுதான். யாரிடம் வாங்கினாலும் கேபிள் அந்தப் பாலத்தைத்தான் தேடி வரும்.

இதற்கும் தரத்தில் ஒரு பெட்டி உண்டு. எஸ்.ஆர்.எல்.ஜி. என்று ஒரு எண்ணை இணைப்புகளுக்குக் கொடுக்கலாம், ஒரே எண் உள்ளவை ஒன்றாக அறும் என்று அர்த்தம். ரவுட்டர் மாற்று வழி தேடும்போது அந்த எண்ணைத் தவிர்க்கும். ஆனால் எண்ணைப் போட ஆள் வேண்டும். அந்த ஆள் குழியைப் பார்த்திருக்க வேண்டும். விற்கிறவர் சொல்ல மாட்டார், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். நான் அதற்குப் பிறகு பைபர் வாங்கப் போனால் முதலில் மோட்டர்சைக்கிளில் வழி முழுக்க ஓடி, கம்பத்தையும் குழி மூடியையும் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவது.

03.02.2025

"அப்ப மைக்ரோவேவ்தான் ஆகத் திறமான கையோ அண்ணை?" என்று மூதூரிலிருந்து.

அந்த நாளில் ஆம். தள்ளாடினாலும் அதுக்குப் பாலம் தேவையில்லை. கழட்டி விற்பதென்று முதலாளி சொன்னதை அதைக் காட்டித்தான் நிற்பாட்டினோம்.

09.02.2025

கடைசியாக, ஜி.8032 இன் டைமர்களை எவ்வளவில் வைப்பது என்று தம்பி கேட்ட விஷயம். பைபர் திரும்பி வந்தவுடன் ஜி.8032 உடனே பழைய நிலைக்குப் போகாது. டபிள்யூ.டி.ஆர். என்ற டைமர் முடியும் வரை காத்திருக்கும், 1 இலிருந்து 12 நிமிஷம், சும்மா விட்டால் 5. நான் வைப்பது 12. பைபர் ஒட்டுகிற பொடியன்கள் ஒட்டி, வெளிச்சம் வந்ததைப் பார்த்து, பிறகு நாரைத் தட்டில் சுற்றி மூடும்போது இன்னொரு தரம் முறிக்கிறது வழக்கம். 5 நிமிஷத்தில் வளையம் திரும்பியிருந்தால் அந்த முறிவிலும் கிளைகள் எல்லாம் ஒருமுறை ஆடும். 12 இருந்தால் அநேகமாக அவர்கள் மூடி போட்டுத் தேத்தண்ணிக்குப் போயிருப்பார்கள்.

பழைய வளையச் செய்திகளைத் தள்ளிவிடுகிற கார்ட் டைமரைத் தொட வேண்டாம், 500 மில்லிசெக்கனில் இருக்கட்டும். அறுந்ததென்று சொல்ல முன் காத்திருக்கும் ஹோல்ட் ஓஃப் பூச்சியம். கீழே எஸ்.டி.எச். ஏதும் ஓடினால் மட்டும் 100 வையுங்கள்.